பிச்சாவரத்தில் என்ன கேட்பது?

பிச்சாவரத்தில் துடுப்புப் படகு ஓட்டுகிறவர்களிடம் பயணிகள் கேட்கும் கேள்விகளை எழுதி வைத்தால் அரைப் பக்கம் தாண்டாது. "இதயக்கனி எடுத்த எடம் எதுண்ணே?" "முதலை கிதலை இருக்கா?" "ஆழம் எவ்வளவு?" "மோட்டார் போட்டு கெடைக்கலியா?" "எத்தனை மணிக்குத் திரும்பலாம்?" சுற்றிச் சுற்றி இவைதான் வரும். வருஷக்கணக்கில் இவற்றையே கேட்டுக் கேட்டுப் படகுக்காரர்களுக்கும் பதில்கள் மனப்பாடம். துறையை விட்டு நாலு தள்ளு தள்ளியதும், நாம் வாய் திறக்கும் முன்பே, எம்.ஜி.ஆர். வந்துவிடுவார். படம் வெளிவந்தது 1975இல். அதைப் பார்த்தே இராத கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அந்த வாய்க்கால் திருப்பம் காட்டப்படுகிறது. அவர்களும் கடமை தவறாமல் செல்பி எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சினிமா வழியாக ஊர்களைத் தெரிந்துகொள்வது நமக்குப் பழகிய பாதை. படகுக்காரருக்கும் அது சௌகரியம். கேட்டது கிடைத்தால் பயணி சந்தோஷப்படுவார், இறங்கும்போது கையில் ஐம்பதோ நூறோ கூடுதலாக வைப்பார். ஞாயிற்றுக்கிழமை என்றால் டிக்கெட் வரிசை நீளம், அடுத்த சவாரி காத்திருக்கும். எல்லாம் சரிதான். ஆனால் கரையேறிய பிறகு ஒரு கணக்கு என்னை உறுத்தும். இந்த மனிதர் இந்தச் சதுப்பின் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வற்றும், எந்தத் திட்டில் எந்தப் பறவை இரவு தங்கும், எந்த வருஷம் நண்டு குறைந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதில் நூற்றில் ஒரு பங்காவது அந்தச் சவாரியில் என்னிடம் வந்திருக்குமா? அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்கிற ஆள் படகில் இல்லை, அவ்வளவுதான்.

மனிதர்களோடு வாழ்வதிலும் இதே கணக்குதான் ஓடுகிறதோ என்று தோன்றுகிறது. நாம் கேட்கிற அளவுக்குத்தான் உலகம் நமக்குத் தன்னைத் தருகிறதா? அப்படியானால் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, எங்கே கேட்காமல் விடுவது என்பதெல்லாம் வாழக் கற்றுக்கொள்வதன் பாதிப் பாடமாகிவிடுகிறது.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் சேரும் முகத்துவாரங்களுக்கு நடுவில், சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், கிள்ளையை ஒட்டிக் கிடக்கிறது பிச்சாவரத்து அலையாத்திக் காடு. 2022இல் சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் அது சேர்ந்தபோது பதிவான பரப்பு சுமார் 1,479 ஹெக்டேர். ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு திட்டுகள், அவற்றைச் சுற்றிப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும் வாய்க்கால்கள். மோட்டார் படகு பெரிய வாய்க்காலோடு நின்றுவிடும். இரண்டு கரை மரங்களும் தலைக்கு மேல் கைகோத்துக்கொள்ளும் சந்துகளுக்குள் துடுப்புப் படகுதான் போகும். ஓதம் ஏறுகிற நேரமா, வடிகிற நேரமா என்று பார்த்துத்தான் படகுக்காரர் வழியைத் தேர்ந்தெடுப்பார். இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. அந்தக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்து வெளியே போவதை நம்பித்தான் அத்தனை மரங்களும் நிற்கின்றன.

அப்படி ஒரு சவாரியில் என் அத்தையும் உடன் வந்திருந்தார். லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். அறுபதைத் தாண்டியும் வரப்பில் நடப்பவர். ஷூட்டிங் இடம் காட்டப்பட்டபோது எல்லோரும் கைபேசியை உயர்த்தினார்கள். அத்தை தலையைக்கூடத் திருப்பவில்லை. அவர் பார்வை படகை உரசிக்கொண்டு போன ஓர் இலையில் இருந்தது. "தம்பி, எலைமேல என்ன வெள்ளையா? பூச்சி விழுந்திருக்கா?"

படகுக்காரர் துடுப்பைச் சேற்றில் ஊன்றிப் படகை நிறுத்தினார். அவருக்கு அந்தக் கேள்வி புதிது என்பது முகத்தில் தெரிந்தது. கிளையை வளைத்து அத்தை பக்கம் கொண்டுவந்தார். "பூச்சி இல்லம்மா, உப்பு. நாக்குல வெச்சுப் பாருங்க." அத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பேதான்.

அது வெண்கண்டல். வேர் உறிஞ்சும் தண்ணீரோடு ஏறிவரும் உப்பை இலையில் உள்ள நுண்ணிய சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடும் மரம். தண்ணீர் காய்ந்ததும் உப்பு மட்டும் இலைமேல் பொடியாகத் தங்கும். அதற்குப் பத்தடி தள்ளி நின்ற சுரபுன்னையின் வழி வேறு. அது உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது. இரண்டும் நிற்பது ஒரே சேறு, குடிப்பது ஒரே தண்ணீர். மூச்சு விடுவதிலும் இரண்டும் வேறு வேறு. காற்றில்லாத சேற்றுக்குள்ளிருந்து வெண்கண்டல் விரல் பருமனில் நூற்றுக்கணக்கான மூச்சுவேர்களை மேலே நீட்டுகிறது. சுரபுன்னை காலை அகட்டி ஊன்றிய முட்டுவேர்களின்மேல் நிற்கிறது, அந்த வேர்களாலேயே மூச்சும் விடுகிறது. அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீளமான பச்சைத் தண்டாக வளர்ந்த பிறகுதான் கீழே விழுகிறது. சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வேர்விடும். தண்ணீரில் விழுந்தால் மிதந்துபோய் எங்காவது ஒதுங்கும் இடத்தில் வேர்விடும்.

அத்தை கேட்டது ஓர் இலையைப் பற்றி. வந்த பதிலோ இலையிலிருந்து வேருக்கு இறங்கி, வேரிலிருந்து சேற்றுக்குப் போய், ஒரு கை மட்டும் பெருத்த சிறு நண்டுகளையும், சேற்றின்மேல் தத்தித் தத்தி ஏறும் மீனையும் காட்டி, தில்லை மரத்தடியில் வந்து நின்றது. சிதம்பரம் கோயிலின் தலமரம். "அதுல கை வெக்காதீங்கம்மா, பால் கண்ணுல பட்டா கண்ணு போயிடும்." நேரம் ஆகிக்கொண்டிருந்தது, அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மனப்பாடமாகச் சொல்பவரின் குரல் போய், யோசித்துச் சொல்பவரின் குரல் வந்திருந்தது.

துறையில் பலகைகள் இருக்கின்றனவே, மரத்தின் பெயரெல்லாம் எழுதிப் போட்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். பலகை வேண்டியதுதான். ஆனால் பலகை எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறது, யாரும் கேட்காதபோதும் சொல்கிறது. விவசாயி ஒருத்திக்கு இலையில் வெள்ளை கண்டால் வயிறு கலங்கும் என்பது பலகைக்குத் தெரியாது. படகுக்காரர் பதில் சொன்னது அந்தக் கலக்கத்துக்கு.

அத்தை அடுத்துக் கேட்டது இன்னும் சாதாரணமான கேள்வி. "இங்கெல்லாம் மாடு மேய வருமா?"

அவர் சிரித்துவிட்டார். "அந்த மாட்டு மேலதாம்மா ஒரு காலத்துல எல்லாப் பழியும்."

பிச்சாவரத்துக் காட்டின் பெரும் பரப்பு சென்ற நூற்றாண்டில் பட்டுப்போயிற்று. வாய்க்கால் ஓரத்தில் மட்டும் மரங்கள் பச்சையாக நிற்கும். திட்டின் உள்ளே போனால் வெறும் உப்புத் தரை, அங்கங்கே உமரிச் செடி. யார் அழித்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. அப்படிக் கேட்டால் பதிலுக்கு ஓர் ஆள் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்கள் கரையோரக் கிராமத்தார். விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள். பழி அவர்கள்மேல் சுலபமாக உட்கார்ந்துகொண்டது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வேலை செய்யத் தொடங்கியபோது வேறு மாதிரிக் கேட்டார்கள். இந்தத் திட்டுக்குள் தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது? அந்தக் கேள்வி அவர்களைப் பழைய நிர்வாக முறைக்கு இட்டுச் சென்றது. பிரிட்டிஷ் காலம் தொட்டு இந்தக் காடு கூப்புகளாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்து ஒவ்வொரு கூப்பாக ஒட்ட வெட்டப்பட்டது. 1970கள் வாக்கில்தான் அந்த முறை கைவிடப்பட்டது. மலைக்காட்டில் வெட்டின இடம் மறுபடி தளிர்க்கும் என்ற கணக்கை அப்படியே சதுப்புக்கும் போட்டுவிட்டார்கள். இங்கே நடந்தது வேறு. மரநிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது. காய்ந்த சேறு அமிழ்ந்தது. விளிம்பு உயர்ந்தும் நடு பள்ளமாகவும், ஒவ்வொரு திட்டும் ஒரு தாம்பாளம் போல ஆயிற்று. ஓதத்தோடு உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. தேங்கியது, ஆவியானது, உப்பை மட்டும் விட்டுப்போனது. அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்தது. கடல்நீரையும் மிஞ்சிய உப்பில், உப்புக்கென்றே பிறந்த மரங்களும் தாக்குப்பிடிக்கவில்லை. மாடு மேய்ந்ததும் விறகு வெட்டியதும் பொய்யல்ல. ஆனால் காடு மீண்டு எழாமல் அழுத்திப் பிடித்திருந்தது அந்தப் பள்ளம்.

எப்படி என்று தெரிந்ததும் வைத்தியமும் அதிலிருந்தே கிடைத்தது. திட்டின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மீன்முள் வடிவம் என்பார்கள். ஓதம் உள்ளே வந்து உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. பிறகு கன்றுகள் நடப்பட்டன. வனத்துறையோடு சேர்ந்து அந்த வேலையில் இறங்கியவர்கள் யார் என்றால், முன்பு பழி சுமந்த அதே கிராமத்தார். வாய்க்கால் தூர்ந்தால் மறுபடி வெட்ட வேண்டும். ஆகவே இது முடிந்துபோன வேலை அல்ல. இன்று நாம் படகில் போகும்போது 'இயற்கை எழில்' என்று படம் எடுத்துக்கொள்ளும் பச்சையில் ஒரு பகுதி மண்வெட்டி பிடித்த கைகளால் வந்தது.

'யார் காரணம்' என்று கேட்பவர் ஆள் கிடைத்ததும் திருப்தியாகிவிடுவார். 'எப்படி இப்படி ஆயிற்று' என்று கேட்டால் மண்வெட்டியை எடுக்க வேண்டி வரும். ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகிறது என்று வையுங்கள். யார் காரணம் என்று கேட்டால் மருமகள்களில் ஒருத்தி சிக்குவாள். கூடி உட்கார்ந்து தீர்ப்பும் சொல்லிவிடலாம். எப்படி ஆயிற்று என்று கேட்டால் முப்பது வருஷத்துக்கு முன் பாகம் பிரித்த முறை, படிக்க அனுப்பப்பட்டவன் யார், வயலில் நிறுத்தப்பட்டவன் யார் என்று தோண்ட வேண்டியிருக்கும். நமக்கு அவகாசம் இருப்பதில்லை. அதனால் முதல் கேள்வியோடு எழுந்துவிடுகிறோம்.

படகு ஒரு திருப்பத்தில் வெளிச்சத்துக்கு வந்தபோது, படகுக்காரர் வடக்கே கையைக் காட்டி, "அந்தாண்ட பரங்கிப்பேட்டை" என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் மேலே சொல்லவில்லை. வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் அந்த ஊரைப் போர்ச்சுக்கீசியர் போர்ட்டோ நோவோ என்றார்கள். பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் அங்கே மோதின. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பாலை நடத்தினார். அதன் உலைகள் எரிந்தது மரக்கரியில். அதற்காகச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ மரங்கள் விழுந்திருக்கும். இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கே இருக்கிறது. அரை மணி நேரப் பேச்சுக்கு இடமுண்டு. கேட்க ஆளில்லாமல் அது கையசைப்போடு கடந்துபோயிற்று. ஊர்களின் சரித்திரத்தில் பெரும்பங்கு இப்படித்தான் தொலைகிறது என்று நினைக்கிறேன். யாரும் அழிக்க வேண்டியதில்லை, யாரும் கேட்காமல் இருந்தாலே போதும்.

இவ்வளவு தூரம் கேள்விக்கு வக்காலத்து வாங்கிய பிறகு மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களோடு வந்த ஓர் இளைஞர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். "அண்ணே, சுனாமி அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க? உங்க வீட்டுல யாருக்காச்சும்..." படகுக்காரர் தள்ளுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "அங்க பாருங்க சார், நீர்க்காகம். ரெக்கைய விரிச்சுக் காய வெக்குது" என்றார். நாங்கள் எல்லோரும் நீர்க்காகத்தைப் பார்த்தோம்.

2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கடலுக்கும் காயலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டைக் கடல் துடைத்தெடுத்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு. அலையாத்தி மரங்கள் அலையின் வேகத்தைக் குறைத்தன என்று கடலூர்க் கரையை ஆராய்ந்தவர்கள் 2005இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்தக் கிராமங்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததுதான் முக்கியக் காரணம், மரங்களுக்கு அவ்வளவு பங்கு கொடுக்க முடியாது என்று வேறு சிலர் மறுத்தார்கள். அந்த விவாதம் நியாயமானது, தேவையானது. அளவெடுத்துத்தான் அதற்குப் பதில் தேட முடியும். ஆனால் ஒரு படகுக்காரரிடம், டிக்கெட் எடுத்த உரிமையில், உன் வீட்டில் யார் செத்தார்கள் என்று கேட்பது வேறு வகை. தெரிந்துகொள்கிற ஆசைக்கும் பிறர் துக்கத்தைத் தின்கிற பசிக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. அந்தக் கோடு எங்கே என்று அவர் எங்களுக்கு நீர்க்காகத்தை வைத்துக் காட்டிவிட்டார். சொல்லாமல் இருக்கும் உரிமையும் அவர் படகில்தான் இருக்கிறது.

எப்படிப் பிரித்தறிவது? எனக்குத் தெரிந்த ஒரு வழி இது. பதில் வந்த பிறகு அதை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? ஊருக்குத் திரும்பி, 'ஒரு படகுக்காரர் சொன்னார், கேட்டால் கண்ணீர் வந்துவிடும்' என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளத்தான் என்றால், அந்தக் கேள்வியை விழுங்கிவிடுவது மரியாதை.

கேள்வி கேட்காமலே இன்னொரு பறிப்பும் நடக்கிறது. வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீரில் இருளர் பெண்கள் இருந்தார்கள். வலை இல்லை, படகு இல்லை. தண்ணீருக்குள் கையைத் துழாவி, சேற்றில் ஒண்டியிருக்கும் இறாலைத் தடவிப் பிடித்துப் பனையோலைப் பறியில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். பறியை வாயில் கவ்வியிருப்பார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. சேற்றின் குளிர்ச்சியும் ஓதத்தின் போக்கும் அவர்களுக்கு விரல் நுனியில் தெரியும். எங்கள் படகிலும் எதிரே வந்த படகிலும் கைபேசிகள் உயர்ந்தன. வாயில் பறி கவ்விய ஒருவரிடம் அனுமதி கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அத்தை மட்டும் கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டார். அந்தப் பெண்களில் ஒருத்தி தலையை அசைத்தாள். அதற்குமேல் அங்கே கேட்க எதுவும் இல்லை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பெரியப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவரிடம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பாஸ் இருக்கா?" அவர் ஓய்வு பெற்ற பிறகு அதுவும் நின்று, "மாத்திரை போட்டீங்களா?" என்றாயிற்று. ஒருநாள் எதிர்வீட்டுக்குக் குடிவந்த பொறியியல் மாணவன், ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் அந்தக் காலத்தில் எப்படி மோதாமல் இருந்தன என்று அவரிடம் கேட்டான். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். டோக்கன் இல்லாமல் எந்த ரயிலும் அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். நிற்காமல் போகும் ரயிலுக்கு அதைப் பிரம்பு வளையத்தில் மாட்டி நடைமேடை ஓரத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும், எஞ்சினில் இருப்பவர் கையை விட்டு அதைப் பிடுங்கிக்கொண்டு போவார். இரவில், மழையில், கையில் தீப்பந்தத்தோடு. எவ்வளவு தள்ளி நின்றால் வளையம் எட்டாது, எவ்வளவு நெருங்கினால் ஆள் தப்பாது என்பதையெல்லாம் எழுந்து நின்று காட்டினார். சமையலறையில் இருந்த பெரியம்மா வாசலுக்கு வந்து நின்று கேட்டார். அத்தனை வருஷம் அவரோடு வாழ்ந்தவருக்கும் அது புதுச் செய்தி.

பெரியப்பா பேசாத மனிதர் என்றுதான் எங்கள் குடும்பம் முடிவு கட்டியிருந்தது. 'அவர் அப்படித்தான்' என்று நாம் சொல்லும் பலரும் அப்படி இருப்பதற்கு நம் கேள்விகளின் வறுமைதான் காரணமோ என்று அதன்பின் எனக்குச் சந்தேகம். நமக்கு அவர்களிடம் என்ன வேலை ஆக வேண்டுமோ அதைக் கேட்கிறோம், அந்த வேலைக்குத் தேவையான துண்டை மட்டும் அவர்கள் தருகிறார்கள். பிறகு அந்தத் துண்டையே முழு மனிதர் என்று நம்பிவிடுகிறோம்.

மறுபடி படகுக்கு. திரும்பும் வழியில் அத்தை கேட்டார், "இவ்வளவு உப்பா இருக்கே, நல்ல தண்ணி எங்கேர்ந்து வருது தம்பி?"

"மேலேர்ந்துதாம்மா வரணும். கொள்ளிடத்துல வெள்ளம் வந்தா வரும். கான்சாகிப் வாய்க்கால்ல வயலு வடிகால் தண்ணி வரும், உப்பனாத்துல வரும். ஐப்பசி கார்த்திகையில வந்து பாருங்க, தண்ணி நெறமே வேறயா இருக்கும். அப்பதான் உப்பு எறங்கும், மரமும் தெம்பா இருக்கும்."

"மழை இல்லாத வருஷம்?"

"இல்லாத வருஷம் இல்லதாம்மா."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் ஊரிலிருந்து கொள்ளிடம் பார்வைக்கெட்டும் தூரம். காவிரியைவிடக் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு என்பதால் தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கிப்போய்விடாமல் இருக்க 1836இல் முக்கொம்பில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டினார். டெல்டா பிழைத்தது. அன்றிலிருந்து கொள்ளிடத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வெள்ளம் வடிகிற வேலைதான். அந்த வெள்ளத்தைப் பற்றி நம் செய்தித்தாள்களில் வருஷா வருஷம் ஒரே வாசகம் வரும்: தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது. அத்தையும் அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தவர்.

"வீணாப் போவுதுன்னுதானே நாங்க சொல்லிக்கிட்டிருந்தோம்" என்றார். உடனே, விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "அதுக்காக எங்களுக்குத் தண்ணி வேணாம்னு சொல்ல முடியுமா?" என்றும் கேட்டார்.

"வேணும்மா. உங்களுக்கும் வேணும், இங்கயும் கொஞ்சம் வேணும்" என்றார் அவர்.

இருவரும் சமாதானம் ஆகவில்லை, சண்டையும் போடவில்லை. மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் தமிழ்நாட்டில் காலங்காலமாகப் பேசிக்கொள்ளும் பேச்சுத்தான் அது. ஆனால் வழக்கமாகக் கடைமடை என்றால் வயல் என்று நினைப்போம். அந்த வயலுக்கும் கீழே இன்னொரு கடைமடை இருக்கிறது, அதில் மரமும் நண்டும் இறால் தடவும் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை அத்தை அன்றுதான் கணக்கில் சேர்த்தார். ஊருக்குப் போனபின் அவர் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு விவசாயம் செய்தார் என்றெல்லாம் நான் கதை விடப்போவதில்லை. 'வீணாக' என்ற சொல் வரும்போது மட்டும் இப்போது அவர் வாய் கொஞ்சம் தயங்குகிறது. ஒரு சவாரிக்கு அது நிறைய.

ஷூட்டிங் எடுத்த இடத்தைக் கேட்டால் வரும் பதிலில் கேட்டவர் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், லால்குடிக்காரருக்கு லால்குடி வரும்; சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு வெள்ளாறு வரும். ரயில்கள் எப்படி மோதாமல் இருந்தன என்று கேட்டால், நாம் கவலையில்லாமல் தூங்கிப் பயணம் செய்த இரவுகளில் மழையில் வளையம் தூக்கி நின்ற ஒருவர் வருவார். நல்ல கேள்விக்கு நான் கண்ட அடையாளம் இதுதான்: பதிலுக்குள் கேட்டவரும் எங்கோ நின்றுகொண்டிருப்பார், பெரும்பாலும் கொஞ்சம் கடனாளியாக. அப்படிப்பட்ட கேள்விகளை நாம் தவிர்ப்பதும் அதனால்தானோ என்னவோ. முதலை இருக்கிறதா என்று கேட்பதில் ஒரு செலவும் இல்லை.